காமிக்ஸ் தொகுப்புக்கு ஒப்பந்தம்: தொல்லை, பாகுபாடு பற்றி என்ன எழுதுவது?

மைத்துளி கேட்டது:

வணக்கம். ஓவியர்கள், எழுத்தாளர்கள், வண்ணம் போடுவோர் என்று எட்டுப் பேர் சேர்ந்து 96 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் தொகுப்பு கொண்டுவருகிறோம். பாதிக் கதைகள் தமிழ், பாதி ஆங்கிலம். யாரும் யாருக்கும் ஊழியர் இல்லை, எல்லாரும் ஃப்ரீலான்ஸ். பணத்தையும் பக்கங்களையும் பார்த்துக்கொள்வது தொகுப்பாசிரியர் ஒருவர். புத்தகம் வந்ததும் ஆண்டுக் கடைசியில் சிங்கப்பூர் காமிக் கான் கண்காட்சியில் மேசை போட்டு விற்கும் எண்ணமும் உண்டு.

ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தால் தொல்லை பற்றிய பகுதியில் "அனைவரும் ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும்" என்பதோடு நிற்கிறது. அந்த வரி யாரையும் காப்பாற்றப் போவதில்லை. குழுவில் நான்கு பேர் பெண்கள், அதில் இருவருக்கு இதுதான் முதல் வேலை. சிலர் அமெரிக்கப் பதிப்பகங்களுக்கும் வரைகிறார்கள்.

ஃப்ரீலான்ஸருக்கு இங்கே சிங்கப்பூரில் எந்தச் சட்டம் கைகொடுக்கும்? ஒப்பந்தத்தில் எந்த வரிகள் உண்மையிலேயே உதவும்? எட்டே பேர் உள்ள குழுவில் புகாரை யாரிடம் சொல்வது? பொதுவான அறிவுரையாக இல்லாமல், அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளும்படி சொன்னால் உதவியாக இருக்கும்.

கட்டம்நான்கு:

ஒப்பந்தம் பற்றி மட்டும் சொல்கிறேன், சட்டத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

காமிக்ஸ் வேலையில் எடிட்டர் (உங்கள் குழுவில் தொகுப்பாசிரியர்) கையில் மூன்று பிடிகள் இருக்கும்: திருத்தம், பணம், அட்டையில் பெயர். தொல்லை கொடுப்பவர் இந்த மூன்றின் வழியாகத்தான் பழிவாங்குவார். இரவு பதினொன்றரைக்கு வந்த "தனியாப் பேசலாமா" மெசேஜுக்குப் பதில் போடாத ஓவியரை மறுநாள் யாரும் திட்டமாட்டார்கள். "மூன்றாம் பக்கத்தில் உயிரே இல்லை, திரும்ப வரைங்க" என்று ஒரே ஒரு வரி வரும். அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? திருத்தம் சொல்வது எடிட்டரின் வேலைதானே. நாலு தடவை இப்படி வந்தால் கெடு தவறும், கெடு தவறினால் பணம் நிற்கும். கடைசியில் "அந்தப் பிள்ளை நேரத்துக்குத் தராது" என்ற பேர் மட்டும் ஊரெல்லாம் சுற்றும். ஆகவே தொல்லை பற்றிய பத்தியை எழுதுமுன் திருத்தம் பற்றிய பத்தியை எழுதுங்கள். இப்படி வைக்கலாம்:

"திருத்தக் குறிப்புகள் பக்க எண், கட்ட எண், மாற்ற வேண்டியது என்ன என்ற மூன்றோடும் குழுவின் பொதுத் தாளில் மட்டுமே எழுதப்படும். வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ சொன்னது திருத்தமாகக் கருதப்படாது. முன்வரைவில் இரண்டு சுற்று, பென்சிலில் ஒரு சுற்று. மை போட்டபின் எழுத்துப் பிழையும் தொடர்ச்சிப் பிழையும் மட்டும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பக்கத்தின் கூலியில் 25 விழுக்காடு கூடுதலாகத் தரப்படும்."

இதில் "தொல்லை" என்ற சொல்லே இல்லை, ஆனாலும் "உயிரே இல்லை" என்று ஒருவர் எழுத முடியாமல் போகும். எழுதினாலும் எட்டுப் பேர் பார்ப்பார்கள். கூடுதல் பணம் வேறு கொடுக்க வேண்டிவரும்.

பணத்தை மொத்தமாகக் கடைசியில் வைக்காதீர்கள். முன்வரைவுக்கு 20, பென்சிலுக்கு 30, மைக்கு 30, முடிந்த கோப்புக்கு 20 விழுக்காடு என்று பிரித்துவிடுங்கள். ஒப்படைத்த ஐந்து வேலை நாளுக்குள் குறிப்பு வராவிட்டால் அந்த நிலை வேலை ஏற்கப்பட்டதாகும் என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் சும்மா இருந்தே ஒருவரைப் பட்டினி போடலாம்.

விலகும் வழி தனியாக: "தொல்லை குறித்துப் புகார் கொடுத்து விலகுபவருக்கு அதுவரை முடித்த வேலைக்கு முழுக் கூலியும் 14 நாளுக்குள் தரப்படும். விலகல் கெடு தவறியதாகாது. அச்சாகும் பக்கங்களில் அவர் பெயர் நீக்கப்படாது. பெயர் வேண்டாம் என்று அவரே எழுதிக் கேட்டால் மட்டும் நீக்கலாம்." பெயர் விஷயத்தில் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பு பொதுவில் பயன்படும்போது படைப்பாளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த உரிமையைக் கைவிடும் வரி எதுவும் உங்கள் ஒப்பந்தத்தில் நுழைந்துவிடாமல் பாருங்கள், இணையத்தில் எடுக்கும் மாதிரி ஒப்பந்தங்களில் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கதை, பென்சில், மை, வண்ணம், வசன எழுத்து அமைப்பு என்று வேலை வாரியாகப் பெயர் போடுங்கள். வண்ணம் போடுபவரின் பெயர்தான் முதலில் காணாமல் போகும்.

ஹேவ்லாக்வாசி:

சட்டப் பக்கம். அடிப்படைதான் சொல்கிறேன், குறிப்பிட்ட வழக்கு என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

வேலையிடச் சட்டங்களில் பெரும்பாலானவை ஊழியருக்கு மட்டும்தான். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது, 2027 இறுதியில் நடப்புக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். வயது, தேசியம், பால், கர்ப்பம், திருமண நிலை, பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவை அதில் வருகின்றன. ஆனால் 25 பேருக்குக் குறைவாக ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு விலக்கு. இங்கே காமிக்ஸ் பதிப்பிப்பவர்கள் அநேகமாக எல்லாரும் சின்ன நிறுவனங்கள், வரைபவர்கள் ஃப்ரீலான்ஸ். இரண்டு காரணத்தாலும் அந்தச் சட்டம் உங்கள் குழுவைத் தொடாது. இது பெரிய ஓட்டை, மனு கொடுத்துக் கேட்க வேண்டிய விஷயம்.

உங்களுக்கு உதவுவது போஹா என்று சொல்லும் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம். 2014 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஊழியரா, ஃப்ரீலான்ஸரா, வாசகரா என்று அது கேட்காது. மிரட்டும், வசைபாடும், இழிவுபடுத்தும் சொல்லோ நடத்தையோ வேண்டுமென்றே ஒருவருக்கு மனவுளைச்சல் தந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலையிடத்தில் ஒரு சக ஊழியரின் காதில் விழும்படி அவரைப் பற்றி ஆபாசமாகப் பேசுவது அந்தச் சட்டத்திலேயே எடுத்துக்காட்டாக எழுதப்பட்டிருக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை தருவது தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை.

தண்டனையைவிடப் பலருக்கு அவசரமாக வேண்டியது, அந்த ஆள் நிறுத்த வேண்டும் என்பது. அதற்குப் பாதுகாப்பு ஆணை. 2021 ஜூனிலிருந்து இதற்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. சிங்பாஸ் வைத்து நீதிமன்றத்தின் சிஜேடிஎஸ் இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. அவசர ஆணைக்கான விண்ணப்பங்களை 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், வன்முறை ஆபத்து இருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் விசாரிப்பது இலக்கு.

உடலைத் தொட்டால் அது போஹா இல்லை, மானபங்கம்: மூன்றாண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி. நேராகக் காவல்துறைக்குப் போங்கள். கேட்காமல் அந்தரங்கப் படம் அனுப்புவதும் 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். போலீசுக்குப் போகலாமா என்று முடிவெடுக்கவே ஒருவர் துணை வேண்டுமென்றால் அவேர் என்னும் பெண்கள் அமைப்பின் பாலியல் தாக்குதல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. கூட வருவார்கள், புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

நிறுத்திவைத்த கூலிக்கு முதலில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த, டாடம் எனப்படும் முத்தரப்புக் கூட்டணியில் சமரசம் கேட்கலாம், சுயதொழில் செய்வோருக்கும் அது திறந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வர மறுத்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. விவகாரம் தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, பதியும் கட்டணமும் குறைவுதான். பட்ட அவமானத்துக்கு அந்த மன்றம் எதுவும் தராது. ஆனால் கட்டம்நான்கு சொன்ன 20-30-30-20 கணக்கு ஒப்பந்தத்தில் இருந்தால் வழக்கு ஒரே அமர்வில் தெளிவாகிவிடும். அது இல்லாமல் "வேலை முடியவில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டால் இழுக்கும்.

அமெரிக்கப் பதிப்பகங்களுக்கு வரைபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்குள்ள கூட்டாட்சிப் பாகுபாட்டுச் சட்டம் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான், அதுவும் ஃப்ரீலான்ஸரைச் சேர்க்காது. நியூயார்க் நகரச் சட்டம் 2020 ஜனவரி முதல் ஃப்ரீலான்ஸரையும் சேர்த்தது, ஆனால் பாதிப்பு அந்த நகரத்துக்குள் உணரப்பட்டதா என்று பார்ப்பார்கள். சிங்கப்பூரில் பூன்லேயில் உட்கார்ந்து வரைபவருக்கு அது கடினம். தொல்லை தருபவர் வெளிநாட்டில் இருந்து, நீங்கள் சிங்கப்பூரில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால், போஹா காகிதத்தில் பொருந்தும். ஆளைப் பிடிப்பது வேறு கதை. அங்கேயும் ஒப்பந்தம்தான் முதல் அரண்.

வண்ணத்தட்டு:

தொல்லை பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். பாகுபாடு பற்றிச் சட்டப் பக்கம் மட்டும்தான் வந்திருக்கிறது, வரையும் வேலையில் அது எப்படி வரும் என்று யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். நம்ம ஆளுங்க வரைகிற புத்தகத்தில் இது கட்டாயம் வரும்.

வண்ணம் போடுபவரிடம் "இந்த இந்தியப் பாத்திரத்தின் நிறத்தைக் கொஞ்சம் ஏத்துங்க, அச்சில் இருண்டு போகும்" என்பார்கள். இனப் பேச்சு எதுவும் இல்லாமல் தொழில்நுட்பப் பேச்சு மாதிரியே இருக்கும். அதில் பாதி உண்மையும் உண்டு, அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வராது. கோட்டிங் இல்லாத தாளில் மை பரவும், நடுத்தர நிறங்கள் திரையில் பார்த்ததைவிட இருளும். கறுப்பு மை அதிகம் கலந்த தோல் நிறம் சேறாகிவிடும். ஆனால் அதற்குத் தீர்வு ஆளை வெளுப்பாக்குவது இல்லை. தோலின் அடி நிறத்தில் கறுப்பைக் குறையுங்கள்: சயான் 30, மெஜந்தா 62, மஞ்சள் 75, கறுப்பு 8 என்று தொடங்கிப் பாருங்கள். நான்கு மையும் சேர்த்து மொத்தம் 175 விழுக்காடுதான். நிழலுக்கு அதே வரிசையில் 50, 75, 80, 25, மொத்தம் 230. கோட்டிங் இல்லாத தாள் 260-280 வரை தாங்கும், ஆகவே இடம் இருக்கிறது. சரியான வரம்பை அச்சகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். முகத்தின் வடிவம் தெரிய அடி நிறத்தை வெளுக்காமல், கன்ன எலும்பிலும் மூக்கின் மேலும் குளிர்ந்த நீலச் சாய்வில் ஒரு மெல்லிய ஒளி விடுங்கள். வரைகோட்டை 100 விழுக்காடு கறுப்பு மட்டும் வைத்து மேலே அச்சடிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தபின், வேலை தொடங்குமுன்பே, நான்கைந்து தோல் நிறங்களை ஒரே தாளில், புத்தகத்துக்கு எடுக்கப்போகும் அதே தாளில் ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். அதுதான் பாத்திரத் தாள், அதில் தொகுப்பாசிரியரும் கதாசிரியரும் வண்ணக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் "ஒப்புக்கொண்ட பாத்திரத் தாளின் தோல் நிறம் மூவரின் சம்மதமில்லாமல் மாற்றப்படாது" என்று ஒரு வரி. அப்புறம் "அச்சில் இருளும்" என்று யார் சொன்னாலும் அச்சான தாளை எடுத்துக் காட்டலாம்.

வேலை விளம்பரங்களில் "மாண்டரின் பேசுபவர்" என்று வருவதும் இதே குடும்பம். வேலைக்கு அந்த மொழி ஏன் தேவை என்று காரணம் இருக்க வேண்டும் என்பது இப்போதே இருக்கும் முத்தரப்பு வழிகாட்டி நெறி, நிறுவனம் சின்னதா பெரிதா என்ற பேதமில்லை. சீனக் கதையை எழுத்துருவில் அமைப்பவருக்குத் தேவை, மை போடுபவருக்கு என்ன தேவை? நியாயமான வேலை நடைமுறைகளுக்கான டாஃபெப் அமைப்பில் விளம்பரத்தின் படத்தோடு புகார் கொடுக்கலாம்.

மைத்துளி:

மூவருக்கும் நன்றி. திருத்தத் தாளும் பாத்திரத் தாளும் உடனே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். குழுவில் ஒருவர், "எவனாவது வாலாட்டினால் பேர், ஃபோன் நம்பர், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இன்ஸ்டாகிராமில் போடுவோம், அதுதான் வேலை செய்யும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. அடுத்து, புகாரைக் கேட்பவர் யார்?

ஹேவ்லாக்வாசி:

நம்பரோடு போடாதீர்கள். 2020 ஜனவரியிலிருந்து, ஒருவரை உளைச்சலுக்கு ஆளாக்கும் நோக்கில் அவரது அடையாளத் தகவலை வெளியிடுவதே போஹாவில் குற்றம். பெயர், படம், ஃபோன் எண், வேலையிடம் எல்லாம் அதில் அடங்கும். தொல்லைக்கு ஆளானவரே எதிராளியாகிவிடும் அபாயம் இருக்கிறது. அவதூறு வழக்கு வந்தால் சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில்தான். அதற்கு மாறாக, கேட்க வேண்டிய பொறுப்பில் இருப்பவரிடம், தீய நோக்கமில்லாமல், தேவையான அளவுக்கு மட்டும் கொடுத்த புகாருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. விழா ஏற்பாட்டாளர், பதிப்பகம், மானியம் தந்த அமைப்பு ஆகியோருக்கு எழுதுவது அந்த வகை.

ஆதாரத்தில் பலர் கோட்டைவிடுவது டெலிகிராமில். அதில் எதிராளி இரண்டு பக்கத்து உரையாடலையும் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம். மெசேஜ் வந்த அன்றே கணினியில் டெலிகிராமைத் திறந்து உரையாடல் வரலாற்றை ஏற்றுமதி செய்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் மூன்றும் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டாதீர்கள். பழைய ஃபோனை விற்றுவிடாதீர்கள். பிறகு அந்த மெசேஜ் தேதிகளையும் திருத்தத் தாளின் தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். "முடியாது" என்று பதில் போன மறுநாளிலிருந்து ஒரே பக்கத்துக்கு ஆறு திருத்தம் வந்திருந்தால் அதை விளக்க எதிர்த்தரப்பு திணறும்.

கட்டம்நான்கு:

உங்கள் நண்பரின் கோபம் சரி, அதைத் தள்ளிவிடாதீர்கள். உள்ளே சொன்ன புகார் உள்ளேயே செத்துப்போகும் என்று இந்தத் தொழிலுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் டிசி காமிக்ஸ் நிறுவனத்தில் ஓர் எடிட்டரைப் பற்றி 2010இல் மனிதவளப் பிரிவுக்குப் புகார் போனது. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. 2017 நவம்பரில் பத்திரிகையில் பெண்கள் பெயரோடு பேசியபின்தான் நீக்கினார்கள். இடையில் வேலையை விட்டுப் போனவர்கள் போனதுதான். பிரான்சில் அங்குலேம் காமிக்ஸ் விழாவின் ஊழியர் ஒருவர் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தபின் வேலையிழந்த செய்தி 2025இல் வெளிவந்தது. அதுவும் நிர்வாகத்தின் மேல் இருந்த மற்ற குறைகளும் சேர்ந்து படைப்பாளிகள் கூட்டாகப் புறக்கணித்தார்கள், 2026 விழாவே ரத்தானது. அதே விழாவில் 2016இல் உயரிய விருதுக்கான 30 பெயரில் ஒரு பெண்கூட இல்லை. அப்போதும் பட்டியலிலிருந்த ஆண் ஓவியர்கள் பலர் தங்கள் பெயரை எடுக்கச் சொன்ன பிறகே விழாக்காரர்கள் இறங்கிவந்தார்கள். தனி ஆள் போடும் பதிவைவிட எட்டுப் பேர் சேர்ந்து "இவர் இருந்தால் எங்கள் பக்கங்கள் வராது" என்பது வலுவானது, அவதூறும் ஆகாது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஐந்து பேர் எழுதிக் கேட்டால், விசாரணை முடியும்வரை தொகுப்பாசிரியரின் பொறுப்பு தற்காலிகமாக இன்னொருவருக்கு மாறும்.

புகாரைக் கேட்பவர் பணத்தையும் பக்கங்களையும் பார்ப்பவராக இருக்கவே கூடாது. எட்டுப் பேருக்குள் எல்லாரும் நண்பர்கள், ஆகவே வெளியாள் ஒருவரும் வேண்டும். தொகுப்பில் பங்கில்லாத, யாரிடமும் வேலை எதிர்பார்க்காத ஒருவரைக் கேளுங்கள். அச்சகக்காரர் வேண்டாம், அவருக்குப் பணம் தருவது தொகுப்பாசிரியர். புகார் வந்த இரண்டு நாளில் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஏழு நாளில் இருவரும் நேரடியாகப் பேச வேண்டாத ஏற்பாடு, 21 நாளில் முடிவு. பேச வேண்டாத ஏற்பாட்டில் விலக வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். பாதிக்கப்பட்டவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு "உன் நிம்மதிக்காக" என்று சொல்வது தண்டனை.

தேக்காமேசை:

காமிக் கான் மேசை பற்றிக் கொஞ்சம். மேசைக்குப் பின்னால் ஒருவரைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். பின்னால் சுவர் அல்லது பேனர், முன்னால் மேசை, பக்கத்தில் யாராவது சாய்ந்து நின்றுவிட்டால் வெளியேற வழியே இருக்காது. அட்டைப்பெட்டிகளை ஒரே பக்கத்தில் அடுக்கி மறுபக்கத்தைத் திறந்து வையுங்கள், அந்தப் பக்கம் உட்காருபவர் மாறிக்கொண்டே இருக்கட்டும். நகராத ஆளை அனுப்ப ஒரு வாக்கியம் முன்பே பேசி வையுங்கள். "அண்ணே, வரிசை நிக்குது, வழி விடுங்க" என்று பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர் இல்லை.

பேநவ் கவனம். கைப்பேசி எண்ணில் பதிந்த பேநவ் வைத்திருந்தால் பணம் கட்டுகிற எல்லாரிடமும் அந்த எண் போய்ச் சேரும். தொகுப்பின் பெயரில் வணிகப் பதிவு செய்து, அதற்குக் கிடைக்கும் யூஇஎன் பதிவு எண்ணில் கியூஆர் எடுங்கள். முகவரி அட்டையில் தனி எண் வேண்டாம், தொகுப்பின் மின்னஞ்சல் போதும். படம் எடுக்கக் கேட்டால் "மேசையை எடுங்க, ஆளை வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டு. அதை ஒரு சின்ன அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மேசை மேல் வைத்தால் வாய் வலிக்காது.

இணையத்தில் கூட்டமாக வரும் வசவுக்கும் ஆளைப் போட்டு வையுங்கள். 2017இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் பெண் எடிட்டர்கள், அந்த நிறுவனத்தில் நெடுங்காலத்துக்கு முன் பணியாற்றிய ஃப்ளோ ஸ்டைன்பெர்க் இறந்தபோது அவர் நினைவாக மில்க்‌ஷேக் குடிக்கும் படம் ஒன்றைப் போட்டார்கள். அதற்கே வசை மழை. உங்கள் புத்தகத்துக்கு அப்படி வந்தால், வசைபடுபவர் தன் கணக்கைத் தானே திறந்து படித்து அழித்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொருவர் கடவுச்சொல் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் படமெடுத்துத் தேதியிட்டுச் சேமித்தபின் அழிக்கட்டும். சேமிக்காமல் அழித்துவிட்டால் பாதுகாப்பு ஆணை கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

மைத்துளி:

வெளியாளாக, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவரைக் கேட்கலாம் என்று நினைக்கிறோம். எங்களில் மூவருக்கு அவர் பாடம் எடுத்தவர். அது சரிவருமா?

கட்டம்நான்கு:

அந்த மூவரில் தொகுப்பாசிரியர் இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் சரிவரும். அவர் பெயரையும் மின்னஞ்சலையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள், பின்னிணைப்பில் புதைக்காதீர்கள். அவர் ஊரில் இல்லாத நாட்களுக்கு இரண்டாவதாக ஒருவர் பெயரும் வேண்டும்.